பீடோங் பட்டணத்து உடற்பயிற்சிக் கூடம்: ஒரு மருத்துவ மாணவரின் மதிப்பீடு

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் பட்டணத்தில், கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் இந்த உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செம்பனைத் தோட்டத்து இளைஞர்களோடு எய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களும் வருகிறோம். இரவு பதினொரு மணி வரை திறந்திருப்பதே எங்களுக்குப் பெரிய வசதி. சுங்கைப்பட்டாணி மருத்துவமனையில் வார்டு பயிற்சி முடிந்து, விடுதிக்குத் திரும்பிச் சாப்பிட்டு எழும்போது எப்படியும் எட்டாகிவிடும். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கமும், இரண்டு நாளாவது தசைவலுப் பயிற்சியும் தேவை என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியை நோயாளிகளிடம் ஒப்பிக்கும் நாங்கள்தான், தேர்வு நெருங்கினால் நாற்காலியை விட்டு எழ மறுக்கிறோம்.

கட்டணத்திற்குத் தகுந்த மதிப்பைத் தருபவர் பயிற்றுநர் அண்ணன்தான். புதிதாக வருபவரின் முதுகோடு ஒரு துடைப்பக் கட்டையைச் சேர்த்துப் பிடிக்கச் செய்து, இடுப்பை மட்டும் மடக்கிக் குனியச் சொல்வார். பின்தலை, மேல்முதுகு, இடுப்பின் பின்புறம் ஆகிய மூன்றும் கட்டையை விட்டு விலகாதிருந்தால்தான் எடையைத் தொட அனுமதி. நாள் முழுதும் புத்தகத்தின் மேல் கூன்போட்டுக் கிடக்கும் எங்களில் பலர் முதல் வாரத்தில் இந்தச் சோதனையில் தேறுவதில்லை.

குறைகளும் உண்டு. ஓட்டப்பொறி இரண்டில் ஒன்றின் பட்டை வழுக்குகிறது. ஓடுபவர் தடுமாறினால் பொறியை நிறுத்த வேண்டிய அதன் அவசர நிறுத்தச் சாவியை ராஃபியா கயிற்றால் கட்டி வைத்திருப்பதை ஏற்க முடியாது. சுவரிலுள்ள உடல் நிறைக் குறியீட்டு (BMI, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) அட்டவணை 24.9 வரை இயல்பு என்கிறது. ஆசிய மக்களுக்கு 23இலிருந்தே நீரிழிவு, இதயநோய் அபாயம் கூடுவதாகக் கருதப்படும்போது, இந்தியர்கள் நிறைந்த ஊரில் அந்த அட்டவணை தவறான நிம்மதியைத் தருகிறது. பெண்களின் உடைமாற்றும் அறையில் தாழ்ப்பாள் சரியில்லை என்று உடன்படிக்கும் தோழியர் சொல்கிறார்கள். முகப்பில் இருப்பவர் புரதமாவு டப்பாவை விற்க முனைவதும் சலிப்பூட்டுகிறது. அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் தாராளமாக வாங்கலாம். கீழ்த்தளத்து ஒட்டுக்கடையின் ரொட்டி சானாய் மணம் படியேறி வருவதற்கு மட்டும் யாரையும் குறைசொல்ல முடியாது.

மாணவர்களுக்கு மாதம் 55 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஆண்டுச் சந்தா சற்று மலிவுதான் என்றாலும், விடுமுறைக்கு ஊர் திரும்புவோரும் வேறு ஊர்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்படுவோரும் மாதக் கட்டணத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. செலுத்திய பணத்தை இங்கே திருப்பித் தருவதில்லை.