தள்ளி அறுப்பதும் இழுத்து அறுப்பதும்

திருநெல்வேலிச் சீமையின் தச்சுப் பட்டறைகளில் புழங்கும் கைரம்பம் தள்ளும்போது அறுக்கிறது. ஜப்பானியத் தச்சரின் ரம்பம் தன்பக்கம் இழுக்கும்போது அறுக்கிறது. தள்ளும் விசையில் வளையாதிருக்கத் தகடு தடிமனாக இருந்தாக வேண்டும். இழுக்கப்படும் தகடோ விறைத்து நேராக நிற்பதால், அதை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாகச் செய்ய முடிகிறது, அறுப்புத் தடம் ஒடுங்கித் தூளாகப் போகும் மரமும் குறைகிறது.

'ரியோபா' என்னும் ஜப்பானிய ரம்பத்தில் ஒரு விளிம்பு நார்வாட்டத்தில் கிழிப்பதற்கும், மறு விளிம்பு குறுக்கே வெட்டுவதற்கும் உரியது. தேக்கு நிலைக்கால் ஒன்றின் கழுந்தை, அதாவது துளைக்குள் செருகும் முனையை, அதில் அறுத்துப் பார்த்தேன்: பென்சில் கோட்டின் பாதி மரத்திலேயே நின்றது, உளிக்கு வேலையே இல்லை. தரையில் அமர்ந்து மரத்தைக் காலால் மிதித்துக்கொள்ளும் நம் தச்சருக்கு இழுப்பு இயல்பாகவே கைவரும்.

ஆனால் அந்த நுண்பற்கள் சுகி, ஹினோக்கி போன்ற மென்மரங்களுக்குப் பழகியவை. நம்மூர் ஓட்டு வீடுகளின் கூரையைத் தாங்கும் பனங்கையின் வைரம் பாய்ந்த கருநாரில் வைத்தால் பல் ஒடிய வாய்ப்புண்டு; இன்று விற்கும் ஜப்பானியத் தகடுகள் பலவற்றின் பற்கள் கடினப்படுத்தப்பட்டவையாதலால் முக்கோண அரமும் அவற்றில் ஏறாது, தகட்டையே மாற்ற வேண்டும். நம் ரம்பத்தையோ பட்டறையிலேயே அரம் போட்டுக் கூராக்கிக்கொள்ளலாம். பனைக்கும் வேங்கைக்கும் தள்ளும் ரம்பத்தையே எடுப்பேன். தேக்கில் பொருத்து அறுக்க இழுக்கும் ரம்பம்தான்.