அடிபம்புத் தண்ணீருக்கு ஓர் ஆர்சனிக் கிட்: 5-க்கு 3

மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில், சாக்தா பக்கம் வாடகைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டுப் பின்கட்டில் அடிபம்பு. தண்ணீர் ஜில்லென்று ருசியாகத்தான் இருக்கும், அதுதான் வம்பே. நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஆர்சனிக் என்ற நஞ்சுக்கு ருசி, வாடை, நிறம் எதுவும் கிடையாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். வீட்டுக்கார மாஷிமாவின் (வங்காளத்தில் சித்தி, பெரியம்மா முறை) உள்ளங்கையில் ஆர்சனிக்கால் வருவது போன்ற மிளகளவுத் தடிப்புகளைப் பார்த்த அன்றே இந்த கிட்டை ஆன்லைனில் வாங்கினேன்.

வேலை எளிது. பாட்டிலில் தண்ணீர், அமிலப் பொடி, துத்தநாகப் பொடி; மூடியில் மெர்க்குரிக் புரோமைடு தடவிய தாள். பொங்கி வரும் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஆர்சனிக் ஆர்சீன் வாயுவாகி மேலேறித் தாளை மஞ்சளாக்கும், அதிகம் இருந்தால் பழுப்பாக்கும். 20 நிமிடக் காத்திருப்பு. ஆர்சீன் கொடிய விஷம், காற்றோட்டத்தில் வைத்துச் செய்யவும் என்ற எச்சரிக்கையோ கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. இதற்கே ஒரு மதிப்பெண் போச்சு.

இன்னொன்று, தாளின் நிறத்தை ஒப்பிட்டு அளவு பார்க்கும் நிற அட்டைக்கு. காலை வெயிலில் என் தாள் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் போல இருந்தது, டியூப் லைட்டில் 25. உலக சுகாதார நிறுவன வரம்பு 10. எல்லை தாண்டி வங்கதேசத்தில் 50. ஆக, எங்கே தெளிவு வேண்டுமோ அங்கேதான் அட்டை மழுப்புகிறது.

இதில் நான் கறாராக இருக்கக் காரணம் உண்டு. ஆய்வகத்தில் செல் வளர்ப்பதுதான் என் பிழைப்பு. இந்தப் பாட்டிலில் துத்தநாகம் ஆர்சனிக்கைத் தண்ணீரிலிருந்து கிளப்பி விடுகிறது. செல்லுக்குள்ளே நடப்பது நேர்மாறு. டிஎன்ஏ சேதத்தை மோப்பம் பிடிக்கும் பார்ப்-1 போன்ற புரதங்கள் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்து நிற்கின்றன. ஆர்சனிக் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. டிஎன்ஏவை அது நேரடியாகக் கெடுப்பது குறைவு. பழுது பார்க்கிறவனை முடக்கிவிடும், அவ்வளவுதான். வெயிலோ பீடிப் புகையோ செய்கிற சேதம் சரியாகாமல் தங்கிவிடுகிறது. கல்லீரல் சும்மா இருப்பதில்லை, மெத்தில் என்ற சின்ன வேதித் துண்டை ஆர்சனிக்கில் ஒட்டி அதை வெளியேற்றப் பார்க்கும். ஆனால் நடுவில் உண்டாகும் ஒரு வடிவம் மூலத்தைவிடப் பொல்லாதது. மரபணுக்களை அடக்கி வைக்க டிஎன்ஏவுக்கும் அதே மெத்தில் கையிருப்புதான் வேண்டும், அதில் இது பங்குக்கு வருகிறது. கடைசியில் ஆர்சனிக் சிறுநீர் வழியே போகிறது. தோல், நுரையீரலோடு சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் சேர்வது அதனால்தான்.

எல்லாம் மெதுவாக. சிலியின் அன்தோஃபகாஸ்தாவில் 1958 முதல் 1970 வரை ஆர்சனிக் மிகுந்த தண்ணீர் குடித்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் வந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் சாவுகள் அங்கே அதிகமாகவே இருந்தன.

சரி, கிட்டுக்கு வருவோம். சந்தேகம் தீர அதே தண்ணீரை ஆய்வகத்துக்குக் கொடுத்தேன்: 61 மைக்ரோகிராம். வெயிலில் பார்த்ததே உண்மைக்குக் கிட்டே. வாங்குகிறவர்கள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பாதரசம் படிந்த அந்தத் தாளை எங்கே போடுவது என்று குறிப்பில் ஒரு வரி இல்லை. நான் மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வைக்கிறேன்.

இப்போது பம்பு பாத்திரம் துலக்க மட்டும். மாஷிமா முதலில் நம்பவில்லை, "நாற்பது வருஷமா இதைத்தானே குடிக்கிறேன்" என்றார். நேற்று அவரே பக்கத்து வீட்டுத் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.