புயத்தில் கட்டும் பிரஷர் கருவி: குளிர்காலத்துக்கு உதவுகிறதா?

உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத் தோட்டத்தில் வசிக்கும் என் மாமனார், மார்கழியிலும் விடியுமுன் உருமாலையைக் கட்டிக்கொண்டு கட்டுத்தரைக்குப் பால் கறக்கச் செல்பவர். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் எடுத்துவருபவர். குளிரில் தோலுக்கடியில் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் ஏறி, இதயத்தின் வேலைப்பளுவும் கூடுகிறது. விடியற்காலையில் அழுத்தம் இயல்பாகவே உயர்வதும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. ஆகவே, காலையும் மாலையும் அளந்து குறித்துவரும்படி மருத்துவர் கூறியதன் பேரில், கோவையில் ஒரு டிஜிட்டல் கருவியை வாங்கினோம்.

மணிக்கட்டில் கட்டுவதைத் தவிர்த்துப் புயத்தில் கட்டுவதைத் தேர்ந்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன். மணிக்கட்டை இதயத்தின் மட்டத்துக்குச் சரியாக உயர்த்திப் பிடிக்காவிட்டால் அளவு பிசகிவிடும்; தோட்டத்து வேலைக்கு நடுவே அந்தப் பொறுமையை யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. இதன் பட்டை 22 முதல் 42 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள புயத்துக்குப் பொருந்துகிறது. பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால், விலையைக் காட்டிலும் இதையே முதலில் பார்க்க வேண்டும்.

குளிர்காலத்துக்கே உரிய சிக்கல் ஸ்வெட்டர்தான். அதன் மேல் பட்டையைக் கட்டக் கூடாது. அதன் கையை மேலே இறுகச் சுருட்டிவிட்டு அளப்பதும் தவறு. அரைக்கைச் சட்டையும் மேலே ஒரு போர்வையும் போதும். தேநீர், காபி குடித்து அரை மணி நேரமாவது கழிந்தபின், முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளக்க வேண்டும். வீட்டில் எடுக்கும் சராசரி தொடர்ந்து 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாத்திரையை நாமே கூட்டக் கூடாது.

குறைகளும் உண்டு. திரையில் வெளிச்சம் இல்லை, கையேட்டில் தமிழ் இல்லை, அடாப்டருக்குத் தனி விலை. நினைவகம் ஒருவருக்கு மட்டுமே என்பதால் மாமியாரின் அளவுகளும் அதிலேயே கலந்துவிடுகின்றன. நோட்டில் எழுதுவதே நம்பகமானது. சீரற்ற துடிப்பைக் காட்டும் குறி பயனுள்ளதே எனினும், அது ஈ.சி.ஜி. ஆகிவிடாது. நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் இக்கருவியைத் தேடாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

வாங்கச் செல்வோர் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே தையல் டேப்பால் சுற்றளவை அளந்து குறித்துக்கொண்டு செல்லவும். கடையில் முழுக்கைச் சட்டையோடு நின்றுகொண்டு அளவைக் கணிக்க இயலாது.