எலுமிச்சைக் கோழி: ஸ்லோ குக்கரா, பிரஷர் குக்கரா, கனத்த சட்டியா?

ஆறு மணி நேரமாக வீடு எலுமிச்சையாய் மணந்துகொண்டிருந்தது. மாலையில் மூடியைத் திறந்து, கரண்டியில் கொஞ்சம் எடுத்து ருசி பார்த்தேன். கறி நன்றாக வெந்திருந்தது. எலுமிச்சையைத்தான் காணோம். அதற்குப் பதிலாக நாக்கின் அடியில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கசப்பு.

அன்று செய்தது, அமெரிக்காவில் வேலைக்குப் போகிறவர்கள் வீடுகளில் சாதாரணமாகச் செய்யும் இத்தாலிய பாணி எலுமிச்சைக் கோழி. கோழித் துண்டுகள், பூண்டு, ஒரிகானோ, வெள்ளை ஒயின், வட்டமாக நறுக்கிய எலுமிச்சை. எல்லாவற்றையும் காலையில் ஸ்லோ குக்கரில், அதாவது மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பானையில், போட்டு மூடிவிட்டுக் கிளம்பிவிடலாம். செய்முறை சொன்னபடியேதான் செய்தேன். அப்படியும் ஏன் கசந்தது என்று மண்டை குடைந்ததில், அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் இதே கோழியை மூன்று பாத்திரங்களில் செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எலும்போடு 1.2 கிலோ தொடைக்கறி, பத்துப் பல் பூண்டு, ஒன்றரை டீஸ்பூன் காய்ந்த ஒரிகானோ, இரண்டு எலுமிச்சை, அரைக் கிலோ உருளைக்கிழங்கு.

நாங்கள் இருப்பது சிகாகோவை ஒட்டிய ஊர். இந்தச் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஸ்லோ குக்கருக்கு 1940-இல் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்சன் சிகாகோவில் தொழில் நடத்தியவர். அவருடைய அம்மா லித்துவேனியாவில் வளர்ந்தவர். அங்கே யூதக் குடும்பங்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சோலன்ட் பானையை ஊர் பேக்கரியின் அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்களாம். தணிந்துகொண்டே போகும் சூட்டில் அது இரவு முழுக்க வேகும். அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்துதான் நாக்சனுக்கு யோசனை பிறந்தது. 1970-இல் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, மறுவருடம் அதே பானையை கிராக்-பாட் என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது.

சோலன்ட் என்பது பயறும் பார்லியும் கெட்டியான மாட்டுக்கறியும் சேர்ந்தது. இரவெல்லாம் வெந்தால்தான் அது வழிக்கு வரும். கோழி அப்படியில்லை, எலுமிச்சை அப்படி இல்லவே இல்லை. நான் பட்ட பாட்டுக்கெல்லாம் காரணம் இதுதான் என்று பிறகு புரிந்தது.

சமையலுக்கும் இந்த ஊர்த் தொடர்பு உண்டு. சிகாகோ இத்தாலியர்களின் பெயர்பெற்ற உணவு சிக்கன் வெசுவியோ. எலும்போடு கோழி, நீளவாக்கில் வெட்டிய உருளைக்கிழங்கு, பூண்டு, ஒரிகானோ, வெள்ளை ஒயின், கடைசியில் ஒரு கை பட்டாணி. 1930களில் வாக்கர் டிரைவில் இருந்த வெசுவியோ உணவகத்தில் பிறந்தது என்று இங்கே சொல்வார்கள். இதில் எலுமிச்சையைப் பிழிந்து செய்பவர்களும் உண்டு. நான் செய்ததும் அந்த வகைதான்.

பிரஷர் குக்கர்

நம் கைக்குப் பழகியது என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன். மின்சார பிரஷர் குக்கரில் தொடைக்கறிக்குப் பன்னிரண்டு நிமிடம், ஆவி தானாக அடங்கப் பத்து நிமிடம். சூடேறும் நேரத்தையும் சேர்த்தால் முக்கால் மணி நேரத்துக்குள் சாப்பாடு. கறி மிருதுவாக வந்தது, எலும்பின் சாரமும் நன்றாக இறங்கியிருந்தது.

ஆனால் சாறு தண்ணீராக இருந்தது. அழுத்தம் ஏற ஒரு கப்பாவது தண்ணீரோ ஒயினோ வேண்டும். அதோடு கோழி விடும் நீரும் சேர்ந்துவிடுகிறது. மூடியைத் திறந்தபின் இன்னொரு கால் மணி நேரம் கொதிக்கவிட்டுத்தான் வற்றவைத்தேன். உருளைக்கிழங்கு அதற்குள் குழைந்துவிட்டது. நேரமில்லாத நாளுக்கு ஆகும். குழம்புக்கும் பிரியாணிக்கும் நான் தினமும் நம்பும் பாத்திரம்தான் இது. இந்தச் சமையலுக்கு மட்டும் என் முதல் தேர்வு இல்லை.

கனத்த சட்டி

இத்தாலிய வீடுகளில் எலுமிச்சைக் கோழியை அடுப்பிலோ ஓவனிலோதான் செய்கிறார்கள். எனாமல் பூசிய கனத்த இரும்புச் சட்டியில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி, கோழியைத் தோல் பக்கம் கீழாக வைத்துப் பத்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். தோல் பொன்னிறமாகி, தானாகச் சட்டியைவிட்டுக் கிளம்பும். பிறகு பூண்டு. அதன்மேல் அரை கப் ஒயின் ஊற்றி, பச்சை வாடை போகும்வரை வற்றவிடுவதை இத்தாலியர்கள் ஸ்ஃபுமாரே என்கிறார்கள். அடியில் ஒட்டியிருந்த பழுப்பெல்லாம் அந்த ஒயினில் கரைந்து வரும். அதில்தான் மொத்த ருசியும் இருக்கிறது. பிறகு மூடி போட்டு 40 நிமிடம் வேகவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் திறந்து வைத்தேன்.

எனாமல் பூசாத வெறும் இரும்புச் சட்டியோ அலுமினியச் சட்டியோ வேண்டாம். எலுமிச்சைப் புளிப்பு உலோகத்தைத் தின்று, சாற்றில் இரும்பு வாடை ஏறிவிடும். பித்தளைப் பாத்திரத்தில் புளி கரைப்பதற்கு முன் ஈயம் பூசிய நம் பாட்டிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ருசியில் மூன்றில் முதலிடம் இதற்குத்தான், யோசிக்க வேண்டியதே இல்லை. தோல் மொறுமொறுவென்று இருந்தது, சாறு கெட்டியாக, பளபளவென்று வந்தது. ஆனால் ஒன்றேகால் மணி நேரம் அடுப்படியை விட்டு நகர முடியாது. வேலைநாளின் மாலை ஆறரைக்கு வீடு திரும்புகிறவர்களால் இதைச் செய்ய முடியாது. ஸ்லோ குக்கர் இன்னும் விற்றுக்கொண்டிருப்பது அதனால்தான்.

ஸ்லோ குக்கர், இரண்டாம் முறை

கசந்துபோன அந்த முதல் நாளில் என் மாமியார் எங்களோடு இருந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, ரசத்துக்கு எலுமிச்சம்பழம் பிழியறதுன்னா அடுப்பை அணைச்சுட்டுத்தானே பிழிவே? இதை மட்டும் காலையிலேர்ந்து கொதிக்க விட்டிருக்கியே?"

"அப்படித்தான் அத்தை போட்டிருந்தது" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

எலுமிச்சையில் மூன்று தனித்தனிப் பொருட்கள் இருக்கின்றன. மஞ்சள் தோலில் இருக்கும் எண்ணெய்தான் மணம். சூடு பட்டால் ஆவியாகிவிடும். வீடு முழுக்க மணந்தது என்றால் அந்த மணம் பானையை விட்டு வெளியேறிவிட்டது என்றுதான் அர்த்தம். சாற்றில் இருப்பது சிட்ரிக் அமிலம். அது எத்தனை மணி நேரம் வெந்தாலும் எங்கேயும் போகாது, வெறும் புளிப்பாக நிற்கும். மூன்றாவது, வெள்ளைப் பஞ்சுத் தோலிலும் விதையிலும் இருக்கும் ஒரு சேர்மம். பழத்தில் இருக்கும்வரை அது கசப்பதில்லை. சாற்றின் அமிலத்தோடு சேர்ந்து நேரம் ஆக ஆக, லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. சூடு அதை விரைவுபடுத்தும். ஆறு மணி நேரம் வட்டவட்டமாக மிதக்கவிட்டால் மணம் போய், புளிப்பு நின்று, கசப்பு ஏறும். என் பானையில் நடந்தது அதுவேதான்.

எலுமிச்சையை வட்டமாக நறுக்கி வேகவைக்கும் இத்தாலியச் சமையல்களும் உண்டே என்று கேட்கலாம். அமால்ஃபி கடற்கரையில் விளையும் ஸ்ஃபுசாத்தோ எலுமிச்சையை வெள்ளைத் தோலோடு நறுக்கி, சர்க்கரையோ உப்போ தூவி அப்படியே சாப்பிடுகிறார்கள். அத்தனை சாது அது. இங்கே கடையில் கிடைக்கும் யுரேகா, லிஸ்பன் வகைகளிடம் அந்தச் சாதுத்தனத்தை எதிர்பார்க்க முடியாது. நம் ஊரில் இருந்து செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் சின்ன எலுமிச்சைக்குத் தோல் மெல்லியது. மணத்துக்காகத் தோலைத் துருவும்போது துருவியில் இரண்டு இழுப்பு கூடினாலே கசக்கும் வெள்ளை வந்துவிடும்.

நீண்ட நேரம் வேகும் கறிக்கு எலுமிச்சையை எப்போது சேர்ப்பது என்பதை இத்தாலியர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். மிலான் நகரத்தின் ஒஸ்ஸோபூகோ, கன்றின் கால் எலும்புக் கறி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் மெல்ல வேகும். எலுமிச்சை அதில் கடைசியில்தான் வரும். துருவிய தோல், பொடியாக நறுக்கிய பூண்டு, பார்ஸ்லி மூன்றையும் கலந்த கிரெமொலாட்டாவை வெந்து முடிந்த கறியின் மேல் தூவுவார்கள். டஸ்கனியிலும் லிகூரியாவிலும் செய்யும் ஃப்ரிகாசேயாவிலும் முட்டை மஞ்சள்கருவையும் எலுமிச்சைச் சாற்றையும் அடித்து, தீயை அணைத்த பிறகுதான் கோழியில் கலக்கிறார்கள். அத்தை ரசத்தை வைத்துச் சொன்னதும் இதுவும் ஒன்றேதான்.

ஆகவே இரண்டாம் முறை ஸ்லோ குக்கரில் எலுமிச்சையே போடாமல் தொடங்கினேன். தோலை உரித்த தொடைக்கறி, உப்பு, முழுப்பூண்டு, ஒரிகானோ. ஒயினைத் தனியாக ஒரு வாணலியில் பாதியாக வற்றவைத்து ஊற்றினேன். மூடிய பானையில் எதுவும் வற்றாது. பச்சையாக ஊற்றினால் மாலையிலும் சாராய வாடை அடிக்கும். தண்ணீர் ஒரு சொட்டும் விடவில்லை. கோழி விடும் நீரே தாராளம். மெல்லச் சூடேறும் லோ அமைப்பில் ஐந்து மணி நேரம். அணைத்த பிறகு மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு பழத்தின் தோல் துருவல், பார்ஸ்லி.

வாயில் வைத்ததும் எலுமிச்சை முதலில் வந்தது. பின்னாலேயே பூண்டின் இனிப்பு. கசப்பு துளியும் இல்லை. கறி கனத்த சட்டியில் செய்ததைவிடவும் மிருதுவாக இருந்தது. மொறுமொறுப்பும் பழுப்பு நிறமும் மட்டும் இல்லை. அதை இந்தப் பாத்திரத்திடம் கேட்கவும் கூடாது.

உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் முறை சாற்றில் கிடந்து, ஆறு மணி நேரம் கழித்தும் நடுவில் நறுக்கென்றிருந்தது. புளிப்பில் காய் வேகாது என்பது சாம்பார் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். காய் வெந்த பிறகுதானே புளியைக் கரைத்து ஊற்றுகிறோம்? காயின் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் அமிலத்தில் சுலபமாகக் கரைவதில்லை. இரண்டாம் முறை கிழங்கைப் பானையின் அடியிலும் ஓரத்திலும் சுவரை ஒட்டி அடுக்கினேன், சூடு அங்கிருந்துதான் வருகிறது. எலுமிச்சையும் இல்லாததால் பூப்போல வெந்தது. பட்டாணியைக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் போட்டால் பச்சை நிறம் போகாது.

தொடையா, நெஞ்சா?

கொழுப்பு குறைவு என்று பலர் நெஞ்சுக்கறியைத்தான் வாங்குகிறார்கள். ஸ்லோ குக்கரில் அதைப் போட்டுக் காலையில் கிளம்பினால், மாலையில் கிடைப்பது வைக்கோல். லோ, ஹை இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் சூடு ஒன்றுதான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. லோவில் அங்கே போய்ச் சேர அதிக நேரம் எடுக்கிறது, அவ்வளவே. கோழிக்குப் பாதுகாப்பான உள்சூடு 74 டிகிரி செல்சியஸ். நெஞ்சுக்கறி அதைத் தாண்டித் தாண்டி வறண்டுகொண்டே போகும். தொடைக்கறியில் இருக்கும் சவ்வு 80 டிகிரிக்கு மேல்தான் நன்றாகக் கரையத் தொடங்குகிறது. அதனால் கூடுதல் சூடு அதற்கு நல்லதே. நெஞ்சுக்கறிதான் வேண்டுமென்றால், லோவில் இரண்டரை மணி நேரம் ஆனதும் வெப்பமானியால் குத்திப் பாருங்கள். அப்படிப் பார்க்க வீட்டிலேயே இருக்க முடியும் என்றால், கனத்த சட்டியிலேயே செய்துவிடலாமே!

உறைந்த கோழியை நேராகப் பானையில் போடாதீர்கள். சூடு மெல்ல ஏறும் பாத்திரம் என்பதால், கிருமிகள் பெருகும் 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கறி நெடுநேரம் கிடந்துவிடும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்துவிடுங்கள். டைமர் வைத்து மதியம் தொடங்கச் சொல்லிப் பச்சைக் கறியைப் பானையில் விட்டுப் போவதும் கூடாது. அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு முறையும் இழந்த சூட்டை மீட்க இருபது நிமிடமாவது ஆகும்.

இப்போது எங்கள் வீட்டில்

செவ்வாய், புதன் போன்ற வேலைநாளில் ஸ்லோ குக்கர்தான். வீட்டிலிருந்து வேலை செய்யும் கணவர் காலை பதினொன்றரைக்குப் போடுவார், நான் நாலரைக்கு வந்து அணைப்பேன். காலை ஏழு மணிக்குப் போட்டு மாலை ஆறரைக்குத்தான் எடுக்க முடியும் என்ற வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். பதினொன்றரை மணி நேரம் தொடைக்கறிக்கே அதிகம். அவர்களுக்கு பிரஷர் குக்கர், அதுவும் மேலே சொன்னபடி எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்து. விருந்தினர் வருகிற ஞாயிற்றுக்கிழமையில் கனத்த சட்டி, அதற்கு மாற்று இல்லை.

மொறுமொறுப்பு இல்லாமல் குழந்தைகள் தொடமாட்டார்கள் என்றால், ஸ்லோ குக்கரில் தோலோடு வேகவைத்து, துண்டுகளை ஒரு தட்டில் எடுத்து அடுக்கி, ஓவனின் மேல்தீயில் ஐந்து நிமிடம் காட்டலாம். அந்த ஐந்து நிமிடத்தில் பானையில் இருக்கும் சாற்றின் கொழுப்பை வழித்துவிட்டு, வாணலியில் ஒரு கொதி விட்டு இறக்கி, எலுமிச்சையைப் பிழியுங்கள். தோல் துருவலை மட்டும் மேசைக்கு வந்த பிறகு, அவரவர் தட்டின் மேல் துருவுங்கள்.