"ஆர்டி 350-ல் 180 கேரன்டி" என்பவர்களிடம் உஷார்

பழைய யமஹா ஆர்டி 350 பைக்கை ரேஸ் ட்ராக்குக்குத் தயார் செய்யக் கொடுக்கப்போகிறவர்கள் அட்வான்ஸ் நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை. இதே வித்தையைக் காட்டுகிறவர் என்னிடம் காட்டிய மெக்கானிக் ஒருவர் மட்டுமில்லை.

என்னுடையது, ஆர்டி 350-ஐ ராஜ்தூத் என்ற பெயரில் எஸ்கார்ட்ஸ் எண்பதுகளில் இங்கே விற்ற ஹை டார்க் (High Torque) மாடல். 347 சிசி, இரட்டை சிலிண்டர், 30.5 குதிரைத்திறன். மெக்கானிக் எடுத்த எடுப்பில், "180 கேரன்டி சார்" என்றார், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். கம்பெனி நிலையில் 150-ஐ ஒட்டிப் போகும் வண்டி இது. காற்றின் எதிர்ப்பை மட்டும் கணக்கிட்டாலே, 180-க்குப் போக ஏறக்குறைய 1.7 மடங்கு பவர் வேண்டும். அதைக் கேட்டதற்கு, "ஓட்டிக் காட்டுறேன், அப்புறம் பேசுங்க" என்றார்.

காட்டவும் செய்தார். பைபாஸில் கொஞ்ச தூரம் பறந்தது. சூட்சுமம் மெயின் ஜெட்டில், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையில் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே வந்தால், பிஸ்டன் கெடுவதற்குச் சற்று முன்புதான் இன்ஜின் பிரமாதமாக இழுக்கும். சின்ன ஜெட் போட்டுச் சின்ன ஓட்டம் காட்டினால் யாரும் மயங்கிவிடுவார்கள். ட்ராக்கில் சுற்றுக்குச் சுற்று முழு திராட்டிலில் போகும்போதுதான் சூடு ஏறி வேலையைக் காட்டும்.

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் அதுதான் நடந்தது. மெயின் ஸ்ட்ரெயிட் முடிவில் திராட்டிலை மூடிய நொடியில் இன்ஜின் சீஸ், பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. விரல் கிளட்சிலேயே இருந்ததால் விழவில்லை.

திராட்டிலை மூடும்போது ஏன்? இன்ஜினுக்குத் தனியாக ஆயில் ஊட்டக் கம்பெனி கொடுத்த பம்பை அந்த மெக்கானிக் கேட்காமலேயே எடுத்துவிட்டு, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்கச் சொல்லியிருந்தார். அப்படி ஓட்டினால், வேகமாகச் சுழலும் இன்ஜினுக்கு திராட்டில் மூடியதும் பெட்ரோலோடு ஆயிலும் நின்றுபோகும். ரேஸில் கலவை ஆயில் சகஜம்தான், ஆனால் அதற்கேற்ற பெரிய ஜெட்டோடு.

போய்க் கேட்டால், "ஆயில் கம்மியா கலந்திருப்பீங்க சார்" என்று என் தலையிலேயே கட்டினார். இரண்டு சிலிண்டருக்கும் ஒரே டேங்க். ஆயில் குறைந்திருந்தால் இடது பிஸ்டன் மட்டும் ஏன் பிடிக்கவேண்டும்? வலது பிளக் நல்ல பழுப்பு, இடது பிளக் சுண்ணாம்பு வெள்ளை, அதாவது அந்தப் பக்கம் மட்டும் பெட்ரோல் போதாமல் சூடேறியிருக்கிறது.

வேறொரு மெக்கானிக்கிடம் கண்முன்னே பிரிக்கவைத்தேன். கிராங்க் தண்டின் முனையில் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல், இடது பக்கத்தில் காய்ந்து விறைத்து, உதடு வெடித்திருந்தது. பில்லில் 'ஆயில் சீல் புதுசு' என்று காசு வாங்கியிருக்கிறார்! வலது பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை காட்டிக்கொடுத்திருக்கும். இடது பக்கம் ஆயிலே இல்லாத பக்கம் என்பதால் வெறும் காற்றைத்தான் இழுக்கும், சத்தமில்லாமல் கலவையில் பெட்ரோல் குறைந்துவிடும்.

நீங்கள் வேலை கொடுத்தால், கழற்றிய பழைய சீலையும் பிஸ்டனையும் கையில் வாங்குங்கள். இன்ஜினைப் பூட்டிய பிறகு பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். காற்றடைத்து முள் இறங்குகிறதா என்று பார்க்கும் சின்ன வேலை அது. ஜெட் நம்பரைப் பில்லில் எழுதித் தர மறுத்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள், பழைய ஸ்பீடோமீட்டர் முள்ளை நம்பாதீர்கள்.

பணம் திரும்பவில்லை. போன் எடுப்பதும் இல்லை. சிலிண்டர் பிளாக் இப்போது அடுத்த ஓவர்சைஸ், அதாவது சற்றுப் பெரிய பிஸ்டனுக்காகக் குடைய லேத்தில் கிடக்கிறது, ஆயில் பம்ப் மறுபடி ஏறப்போகிறது. வெடித்த சீல், பில் இரண்டின் படத்தையும் கீழே போட்டிருக்கிறேன்.