மூன்று வருஷ ஏர்பிரஷ்: திக்கித் திக்கி வந்த ஸ்ப்ரே

"அண்ணா, நீங்க வச்சிருக்கற ஏர்பிரஷையே நானும் வாங்கிடலாமா?" தருமபுரித் தம்பி ஒருவர் நேற்று கேட்டார். அதற்கு முந்தின நாள்தான் அதில் புது நாசில், அதாவது பெயிண்ட் வெளிவரும் நுனி, மாட்டி முடித்திருந்தேன்.

காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தெளிக்கும் பேனா மாதிரிக் கருவி இது. மேலே பெயிண்ட் ஊற்றும் கப், டபுள் ஆக்‌ஷன் (விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட்), 0.3 மி.மீ. நாசில். மினியேச்சர் பஸ்களுக்கு இதில்தான் பெயிண்ட் அடிக்கிறேன். பஸ்ஸின் பக்கவாட்டில் மஞ்சள் மெல்ல மெல்லச் சிவப்பாக மாறுவதைச் சாதாரண பிரஷ்ஷால் கொண்டுவரவே முடியாது. இதில் வரும். ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்துவிடும்.

மே மாதத்தில் ஸ்ப்ரே திக்கித் திக்கி வர ஆரம்பித்தது. கோட்டின் ஒரு பக்கம் தடித்தது, மறுபக்கம் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. முதலில் வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். கிருஷ்ணகிரி மதிய வெயிலில் அக்ரிலிக் பெயிண்ட், நாசிலுக்குள் இருக்கும் ஊசியின் முனையிலேயே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டு விட்டு, பால் பதத்துக்குக் கரைத்து, முனையை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அடித்தேன். ஒரு கூரை முடிவதற்குள் மறுபடி அதே தெறிப்பு. காற்றழுத்தத்தை 15 முதல் 25 பி.எஸ்.ஐ. வரை மாற்றிப் பார்த்தேன். கம்ப்ரசர் டாங்கின் தண்ணீரை வடித்தேன். ஊசியைக் கண்ணாடி மேல் உருட்டினேன். வளைந்திருந்தால் முனை துள்ளும், துள்ளவில்லை.

கடைசியில் கப்பில் வெறும் தண்ணீர் ஊற்றி அடித்தேன். உள்ளே சின்னச் சின்னக் குமிழிகள். முன்னால் போக வேண்டிய காற்று, பெயிண்ட் வரும் வழியில் பின்னால் ஏறினால் அப்படி வரும். நாசில் சரியாக உட்காராமல் இருக்கலாம், இல்லை பிளந்திருக்கலாம். லென்ஸ் வைத்துப் பார்த்தால், நாசில் வாயில் மயிரிழை வெடிப்பு.

கழுவிய பிறகு ஊசியைப் பின்னாலிருந்து அழுத்தித் தள்ளுவது என் வழக்கம். அந்த மெல்லிய வாய் அதைத் தாங்காது. தட்டுப்படும் இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட வந்த தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. நாசிலையும் தனியாக விற்கவில்லை. வேறொரு இடத்தில் தேடி வரவழைக்க மூன்று வாரம் ஆனது. அரிசி மணி அளவு உலோகத்துக்காக மூன்று வாரம் ஒரு பஸ் பாதிப் பெயிண்டோடு நின்றது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அதனால் தம்பியிடம் "இது வேண்டாம்" என்றுதான் சொன்னேன். நாசிலும் ஊசியும் தனியாகக் கிடைக்கிற மாடலாகப் பாருங்கள், அதுவும் நாசிலைத் திருகாமல் செருகுகிற வகை என்றால் இன்னும் நல்லது என்றேன். என்னுடையதை விற்க மாட்டேன். புது நாசிலின் மரையில் துளி தேன்மெழுகு தடவி மாட்டியிருக்கிறேன். குமிழி இல்லை. நேற்று ராத்திரி அந்தப் பஸ்ஸின் மஞ்சள் கோட்டை ஒரே இழுப்பில் போட்டு முடித்தேன்.