ஆய்வுப் படங்களைக் கடையில் கொடுத்துத் திருத்துவிப்போர் கவனத்திற்கு

மட்டக்களப்பு நகரில் தட்டச்சு, பைண்டிங், கல்யாண அல்பம் என எல்லா வேலையும் எடுக்கும் ஒரு கடையில், என் முதுமாணி ஆய்வுக்குரிய ஜெல் படம் (டிஎன்ஏ துண்டுகளை ஜெல்லில் ஓடவிட்டு எடுக்கும் படம்) ஒன்றைச் சஞ்சிகைக்கு அனுப்பும் வடிவில் ஒழுங்குபடுத்தித் தரும்படி கொடுத்திருந்தேன். படத்தின் அளவைச் சரிசெய்து, தடங்களுக்கு, அதாவது ஒவ்வொரு மாதிரியும் ஓடிய வரிசைகளுக்கு, இலக்கமிட்டு, 300 டிபிஐ தெளிவில் தர வேண்டும் என்பதே நான் கேட்ட வேலை. மறந்துவிடக் கூடாதென்று அதை ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். கூலியாக 3,500 ரூபாயை முற்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்த படத்தில் நான் கேட்டவை எல்லாம் இருந்தன. கேட்காத ஒன்றும் இருந்தது.

வாவி இறால்களில் வெண்புள்ளி நோய் வைரசு உள்ளதா என்பதைப் பீசிஆர் முறையில், அதாவது டிஎன்ஏயின் குறித்த ஒரு துண்டைப் பல மடங்காகப் பெருக்கி, பார்த்த ஆய்வு அது. படத்தில் எட்டுத் தடங்கள்: முதலாவது அளவுகோலுக்கான லாடர், கடைசி, கலப்பு நேர்ந்ததா என்று பார்க்க இறால் மாதிரிக்குப் பதிலாகத் தண்ணீரைச் சேர்த்து ஓட்டிய தடம். ஐந்தாவது தடத்தில், வைரசு இருந்தால் தெரியும் பட்டை மிக மங்கலாக விழுந்திருந்தது. அந்த மங்கல்தான் அங்கே செய்தி: வைரசு மிகக் குறைவாக இருந்திருக்கலாம், பக்கத்து மாதிரியிலிருந்து ஒரு துளி கலந்துமிருக்கலாம். எனவே கட்டுரையில் அந்த மாதிரியை ஐயத்துக்குரியது என்றே எழுதியிருந்தேன். தண்ணீர்த் தடத்தின் அடியில் புகை போன்ற ஒரு கறை இருந்தது. பிரைமர்கள் (பெருக்கத்தைத் தொடக்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) தமக்குள் ஒட்டிக்கொள்வதால் வரும் அந்தக் கறையைப் பீசிஆர் செய்து பழகியவர்கள் எல்லோரும் அறிவார்கள். அது இருப்பதில் குற்றமில்லை.

கடையிலிருந்து வந்த படத்தில் ஐந்தாவது பட்டை மற்றவற்றுக்கு நிகராக வெண்மையாகப் பளிச்சிட்டது. தண்ணீர்த் தடம் துடைத்த பலகையாகக் கிடந்தது. அச்சுப் பிரதியை மட்டும் பார்த்துவிட்டு, படம் நன்றாக வந்திருக்கிறது என்று நானே மகிழ்ந்துபோனேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். என் மேற்பார்வையாளர்தான் கோப்பைத் திரையில் திறந்து வெளிச்சத்தை உச்சம்வரை ஏற்றிக் காட்டினார். ஐந்தாவது தடத்தைச் சுற்றி, அடிமட்டம் வைத்துக் கீறியதைப் போல ஒரு செவ்வகம் தெரிந்தது. அதற்குள்ளே பின்னணியின் சொரசொரப்பு வெளியே இருந்ததைவிட வேறாக இருந்தது. தண்ணீர்த் தடத்தின் அடியிலோ சொரசொரப்பே இல்லாத ஒரு தட்டையான கறுப்பு.

இது வெறும் அழகுபடுத்தல் அல்ல. ஜெல் படத்தை வாசிப்பவர் ஒரு தடத்தின் வெளிச்சத்தை மற்றத் தடத்தின் வெளிச்சத்தோடு ஒப்பிட்டே முடிவுக்கு வருகிறார். முழுப் படத்துக்கும் ஒரே அளவில் கொன்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் அந்த ஒப்பீடு பெரும்பாலும் தப்பிப் பிழைக்கும். அதிலும் அளவு மீறினால், 0 முதல் 255 வரை உள்ள வெளிச்சப் படிகளில் கீழ்ப்படிகள் யாவும் 0 ஆகி மங்கலான பட்டைகள் மறைந்துவிடும். ஒரு தடத்தை மட்டும் தெரிவுசெய்து கூட்டும்போதோ, ஐயத்துக்குரிய மாதிரி ஐயமற்ற நோயாளியாகிவிடுகிறது. படத்தின் குறித்த ஓர் அம்சத்தை மட்டும் துலக்கவோ மறைக்கவோ நீக்கவோ கூடாது என்ற விதியை வகுத்த ஜேர்னல் ஒஃப் செல் பயோலொஜி என்ற சஞ்சிகை, ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களை 2002 முதலே இப்படித் திரையில் சோதித்து வருகிறது. 2016-இல் எலிசபெத் பிக் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் 20,621 கட்டுரைகளைப் பார்த்து, ஏறத்தாழ 4 சதவீதத்தில் ஐயத்துக்குரிய படங்களைக் கண்டார்கள். அந்த வரிசையில் என் இறாலும் சேர்ந்திருக்கும். அப்போது கடைக்காரரை யாரும் கேட்கப்போவதில்லை.

கடைக்குப் போய்க் கேட்டபோது, வேலை செய்த தம்பி சிறிதும் தயங்கவில்லை. "மிஸ், அந்தக் கோடு தெரியாமக் கிடந்திச்சு, அதத்தான் கொஞ்சம் எடுப்பாக்கி விட்டன். கீழ ஊத்தையாவும் இருந்திச்சு" என்றார். மணப்பெண்ணின் முகத்தை மட்டும் வெளிச்சமாக்கிப் பழகிய கைக்கு அது இயல்பாகப் பட்டிருக்கும் என்பதால் அவர்மீது எனக்குப் பெரிய கோபமில்லை. ஆனால் ஆய்வுப் படங்களைச் சஞ்சிகைத் தரத்தில் செய்து தருவதாகப் பலகை வைத்திருக்கும் உரிமையாளர், எழுதிக் கொடுத்த தாளைக் காட்டியபின்னும், "எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் செய்து குடுக்கிறம், ஒருத்தரும் குறை சொன்னதில்ல" என்றாரே, அதற்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். அந்த "எல்லாப் பிள்ளைகளில்" ஒருவர் இதை வாசித்துக்கொண்டிருக்கலாம்.

இத்தகைய கடைகளில் படம் கொடுத்தவர்கள், ஆய்வுகூடக் கருவி பதிவுசெய்த மூல டிஃப் கோப்பைத் தேடியெடுத்து, திருத்திய படத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வெளிச்சத்தை ஒரே அளவில் ஏற்றிப் பாருங்கள். அதற்கு இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளே போதும். கடையிலிருந்து ஜேபெக்காக மட்டும் வந்திருந்தால் ஒப்பிடுவது கடினமாகும், ஏனெனில் ஜேபெக் சுருக்கமே சிறு சதுரத் திட்டுகளை உண்டாக்கக்கூடியது. மூலக் கோப்பு இல்லாதவர்கள் கருவியைப் பொறுப்பேற்றிருப்பவரிடம் இன்றே கேளுங்கள், சில இடங்களில் பழைய கோப்புகளை இடப் பற்றாக்குறையால் அழித்துவிடுகிறார்கள். அனுப்பிவிட்ட கட்டுரை என்றால் மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிப்பாசிரியருக்கு நீங்களே முந்தி எழுதிவிடுங்கள்.

நான் மூலக் கோப்பிலிருந்து படத்தைப் புதிதாகச் செய்தேன். இலக்கமிடுவதற்கு இருபது நிமிடமும் ஆகவில்லை. ஐந்தாவது பட்டை மங்கலாகவே இருக்கிறது, தண்ணீர்த் தடத்தின் கறையும் அதன் இடத்தில் இருக்கிறது. கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்து, அடுத்த முறை வந்தால் பைண்டிங் கூலியில் கழித்துத் தருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.